நடுவர் அவர்களே, எங்களுக்கும் ஓர் அணி

மாவட்டப் புத்தகத் திருவிழாக் குழுவினருக்கும், அதன் மாலை மேடைகளில் பட்டிமன்றம் நடத்துவோருக்கும் வணக்கம்.

நான் பிறவியிலேயே காது கேளாதவள். தமிழைக் கண்ணால் கற்றவள். ஆண்டுதோறும் உங்கள் அரங்குகளில் கைப்பணம் கரையும்வரை புத்தகம் வாங்குகிறவள். பகல் முழுவதும் கடை கடையாக ஏறி இறங்குவேன். மாலையில் மேடை விளக்குகள் எரிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்குக் கிளம்பிவிடுவேன். திருவிழாவில் பகல் எனக்கு, மாலை காது கேட்பவர்களுக்கு என்று யாரோ பாகம் பிரித்துவைத்தது போல இருக்கிறது. இந்த மடல் அந்த மாலையைப் பற்றியது.

நன்றி சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது சில ஊர்களில் தொடக்க விழாவுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நிறுத்துகிறீர்கள். வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை எல்லாவற்றுக்கும் மேடையின் ஓரத்தில் அவருடைய கைகள் அசைகின்றன. புகைப்படத்திலும் அவர் இருக்கிறார். மறுநாள் மாலை, பேச்சாளர்கள் வந்து உண்மையிலேயே ஏதாவது சொல்லத் தொடங்கும்போது, அவர் நின்ற இடத்தில் பூந்தொட்டி இருக்கிறது. ஆக, எங்களுக்கு மரியாதை கிடைக்கிறது, வாதம் கிடைப்பதில்லை. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. மரியாதை போதும். எனக்கு வாதம் வேண்டும்.

பொங்கலும் தீபாவளியும் எங்கள் வீட்டில் தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தோடுதான் விடியும். இட்லித் தட்டோடு எல்லோரும் கூடத்தில் உட்கார்வார்கள். தாத்தா குலுங்கிச் சிரிப்பார், சித்தப்பா தொடையில் தட்டுவார், அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். "என்ன?" என்று கையால் கேட்பேன். "அப்புறம் சொல்கிறேன்" என்று ஏதாவது ஓர் உதடு அசையும். காது கேளாத பிள்ளை முதன்முதலில் தவறில்லாமல் படிக்கக் கற்றுக்கொள்ளும் உதட்டசைவு அதுவாகத்தான் இருக்கும். எந்த நாட்டுக் காது கேளாதவரைக் கேட்டாலும் இந்த 'அப்புறம்' அவருக்குத் தெரியும். அமெரிக்காவில் சாப்பாட்டு மேசையை வைத்து இதற்கு ஒரு பெயரே சூட்டியிருக்கிறார்கள்.

யாரும் கெட்டவர்கள் இல்லை. எனக்காக நிறுத்திச் சொன்னால் அடுத்த நகைச்சுவை அவர்களுக்குப் போய்விடும். ஆனால் ஒரு குடும்பம் தன் கருத்துகளை எங்கே பழக்கிக்கொள்கிறது என்று பாருங்கள். பணமா பாசமா, கூட்டுக் குடும்பமா தனிக் குடும்பமா, மகனா மகளா என்று காலையில் தொலைக்காட்சியில் கேட்டதைச் சாயங்காலம் வரை திண்ணையில் போட்டு உரித்தெடுப்பார்கள். எதிர்த்துப் பேசுவது, மடக்குவது, விட்டுக்கொடுப்பது, தோற்ற பிறகும் சிரிப்பது எல்லாம் என் தம்பிக்கு அந்தக் கூடத்தில் இலவசமாகக் கிடைத்த பயிற்சி. எனக்குக் கிடைத்தது இட்லி மட்டும்.

அத்தை ஒருத்திதான் நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதித் தருவாள். ஒரு மணி நேரப் பட்டிமன்றத்துக்கு நான்கு வரி. நான்காவது வரி பெரும்பாலும் "கடைசியில் இரண்டுமே வேண்டும் என்று தீர்ப்பு" என்றிருக்கும். எல்லாப் பட்டிமன்றமும் அப்படித்தான் முடியும் என்பது பிற்பாடு புரிந்தது. அந்தத் தாள்களைத் தலையணைக்குள் செருகி வைத்திருந்தேன். என் வாசிப்பு பாடப்புத்தகத்தில் தொடங்கவில்லை, அந்தத் தாள்களில் தொடங்கியது. வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் வெறிதான் என்னை வாசகி ஆக்கியது. இலக்கிய ஆர்வமெல்லாம் பிறகு வந்தது.

காது கேளாதவர்கள் வாசிப்பதைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. காதுதானே இல்லை, கண் இருக்கிறதே, நன்றாகப் படிக்கலாமே என்பார்கள். நீங்கள் ஐந்து வயதில் எழுத்தைக் கற்றபோது, ஏற்கெனவே ஆயிரக்கணக்கான சொற்களை வாயில் வைத்திருந்தீர்கள். எழுத்துக்கூட்டியதும் தெரிந்த சொல் ஒன்று எழுந்து வந்தது. என்னிடம் எழுந்து வர எதுவும் இல்லை. அது மட்டுமா? உங்களுக்கு வீட்டில் பேச்சுத் தமிழ், பள்ளியில் எழுத்துத் தமிழ். எனக்குக் கண்ணில் பட்டது எழுத்துத் தமிழ் ஒன்றுதான். அதனால் செய்தித்தாளின் தலையங்கம் எனக்கு எளிது. வட்டார வழக்கில் நான்கு பேர் உரையாடும் சிறுகதை மலையேற்றம். "வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், புரிந்துவிடும்" என்று நண்பர் ஒருவர் எழுதிக் காட்டினார். வாய்விட்டுப் படித்தால் அவருக்குப் புரியும். எனக்கு என்ன கேட்கப் போகிறது? கரிசல் காட்டுக் கதைகளை, நெல்லைப் பேச்சு ததும்பும் நாவல்களை, பக்கத்துக்கு ஏழெட்டுச் சொற்களை அத்தையிடம் கேட்டுக் கேட்டுத்தான் கடந்தேன். அவை என் சொத்து. யாரும் தானமாகத் தந்தவை கிடையாது.

உதட்டைப் படிக்கலாமே என்பது அடுத்த யோசனை. கண்ணாடி முன் நின்று குரல் இல்லாமல் 'அப்பா' என்று சொல்லுங்கள். பிறகு 'அம்மா' என்று சொல்லுங்கள். உதடுகள் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். வேறுபாடு மூக்கு வழியாகப் போகிறது. அது கண்ணுக்குத் தெரியாது. ககரமும் ஙகரமும் வாயின் பின்புறத்தில் பிறக்கின்றன, அவையும் தெரியாது. மேடையில் பேசுகிறவர் ஒலிவாங்கியை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டால் கதை அங்கேயே முடிந்தது. பெரிய மீசை வைத்த பேச்சாளர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

இனி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த மடலை எழுதத் தூண்டியவளே அவள்தான். காது கேளாமல் பிறக்கும் பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல், காது கேட்கும் பெற்றோருக்குப் பிறப்பவர்கள். அம்மாவும் என்னைப் பெறும்வரை காது கேளாதவர் எவரையும் அருகில் பார்த்ததில்லை. "சைகை காட்டினால் பிள்ளைக்குப் பேச்சு வராமலே போய்விடும்" என்று ஒரு மருத்துவர் சொன்னார். அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். என் கையைப் பிடித்துத் தன் தொண்டையில் வைத்து அதிர்வைக் காட்டுவாள். வாய்க்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடிப்பாள். 'ப' சொன்னால் காகிதம் அசைய வேண்டும், 'ம' சொன்னால் அசையக் கூடாது. சமையல், துவைப்பு எல்லாம் முடித்த பிறகு இரவில் இந்தப் பாடம். அந்த உழைப்பை நான் கேலி செய்ய மாட்டேன். இன்று நடத்துநரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்குகிறேன் என்றால் அது அவள் கொடுத்தது.

ஆனால் விடுதிப் பள்ளிக்குப் போன பிறகுதான் எனக்கு மொழி கிடைத்தது. வகுப்பில் கையைக் கட்டிக்கொண்டு உதட்டைப் பார்த்தோம். விளக்கணைக்கும்வரை விடுதியில் கைகளால் பேசித் தள்ளினோம். மூத்த அக்காக்கள் சொல்லித் தந்த சைகையில்தான் முதன்முதலாக ஒரு பொய் சொன்னேன், ஒரு பேய்க்கதை கேட்டேன், ஒருத்தியோடு முழுதாகச் சண்டை போட்டேன்.

வாட்ஸ்அப் வந்த பிறகுதான் எனக்கும் அம்மாவுக்கும் உண்மையான சண்டை தொடங்கியது. அவள் கைபேசியில் பேசுவாள். அது எழுத்தாகி வரும். பேச்சுப் பயிற்சிதான் உன்னை வெளியுலகத்தில் நடமாட வைத்தது, சைகை தெரிந்தவர்கள் எத்தனை பேர், அந்த உலகம் சின்னது என்பது அவள் கட்சி. பக்கத்துத் தெருப் பையனுக்கு அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் காக்ளியர் கருவி (அறுவை செய்து உள்காதில் வைக்கும் கேட்புக் கருவி) பொருத்தினார்கள், அவன் இன்று சாதாரணப் பள்ளியில் படிக்கிறான், பார் என்பாள். அவள் பேச்சில் வலு இருக்கிறது. என் கட்சி வேறு. அறுவை சிகிச்சை நடக்கட்டும், பயிற்சி நடக்கட்டும். பேச்சு வரும்வரை அந்தப் பிள்ளை எந்த மொழியில் யோசிக்கும்? முதல் ஐந்து ஆண்டுகள் திரும்பி வராதவை. கருவி பழுதாகிக் கிடக்கும் நாளில் அவனும் காது கேளாத பிள்ளைதான். அன்றைக்கு அவன் கைகளில் ஏதாவது இருக்க வேண்டாமா?

இந்தச் சண்டையில் நாங்கள் இருவரும் மாற்றி மாற்றித் தோற்றிருக்கிறோம். இதே சண்டை தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான வீடுகளில், பேசவே முடியாமல், உள்ளுக்குள் நடக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 50 லட்சம் பேர் செவித்திறன் குறைபாடு உள்ளவர்களாகப் பதிவானார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 2 லட்சத்துக்கு மேல். இத்தனை குடும்பங்களைப் பிளக்கும் ஒரு கேள்வி, நான் அறிந்தவரை, ஏன் ஒருமுறைகூடப் பட்டிமன்றத் தலைப்பாகவில்லை?

உலக அளவில் இந்தக் கேள்விக்கு ஒருமுறை தீர்ப்பு எழுதப்பட்டது. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வி மாநாடு கூடியது. பேச்சு முறையே உயர்ந்தது, சைகையை விலக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். கை தூக்கியவர்களில் காது கேளாதவர் ஏறக்குறைய எவரும் இல்லை. அதன் பின் பல நாடுகளில் காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள், வகுப்பறைகளில் கைகள் கட்டப்பட்டன. நம் பாளையங்கோட்டையில் ஃபுளோரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் பள்ளி தொடங்கியது அந்த நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில். உலகமெங்கும் அந்தத் தீர்மானத்தின் காற்று வீசிய காலம் அது. சைகை முறையான இலக்கணம் கொண்ட மொழிதான் என்று வில்லியம் ஸ்டோக்கி என்ற ஆய்வாளர் எழுதிக் காட்ட 1960 ஆயிற்று. மிலான் தீர்மானங்களைத் தள்ளி, அவற்றின் விளைவுக்கு வருத்தம் தெரிவிக்க அதே மாநாட்டு வரிசை 2010-இல் வான்கூவரில் கூட வேண்டியிருந்தது. ஒரு தரப்பை மேடை ஏற்றாமல் எழுதிய தீர்ப்பைத் திருத்த 130 ஆண்டுகள் ஆயின.

இடையில் 1988 மார்ச்சில் வாஷிங்டனின் கேலடெட் பல்கலைக்கழகத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். காது கேளாதோருக்கென்றே 1864 முதல் இயங்கும் கல்வி நிறுவனம் அது. தலைவர் பதவிக்கு இறுதிச் சுற்றில் இருந்த மூவரில் இருவர் காது கேளாதவர்கள். நிர்வாகக் குழு மூன்றாமவரைத் தேர்ந்தெடுத்தது. மாணவர்கள் வாயிலை அடைத்தார்கள். ஒரு வாரத்தில் அவர் விலகி, ஐ. கிங் ஜோர்டன் முதல் காது கேளாத தலைவரானார். என் பள்ளித் தோழிகளுக்கு இந்தக் கதையைச் சைகையில் சொன்னபோது, மாணவர்கள் வாயிலை அடைத்த இடத்தை மூன்று முறை சொல்லச் சொன்னார்கள்.

நம் நாட்டிலும் விஷயம் அசையாமல் இல்லை. தில்லியில் 2015-இல் இந்தியச் சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம் வந்தது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகை தெரிந்த ஆசிரியர்களைப் பணியில் அமர்த்தச் சொல்கிறது. 2021-இல் அந்த மையத்தின் சைகை அகராதி 10,000 சொற்களைத் தொட்டது. உடனே எங்களுக்குள் புதிய சண்டை ஒன்று மூண்டது. தில்லி அகராதியின் சைகையை நாடு முழுவதும் பொதுவாக்குவதா, நம் பள்ளி விடுதிகளில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த சைகையைக் காப்பதா? இந்தியச் சைகை மொழியில் பெயர்களை விரலால் எழுத ஆங்கில எழுத்துகளைத்தான் பயன்படுத்துகிறோம். ஒரு தமிழ் எழுத்தாளரின் பெயரைச் சொல்ல நான் ஆங்கிலம் வழியாகச் சுற்றி வர வேண்டும். பாரதிக்கு மட்டும் பிரச்சினை இல்லை. மீசையை முறுக்கித் தலைப்பாகையைக் காட்டினால் எங்கள் வட்டத்தில் எல்லோருக்கும் புரியும். இந்தச் சண்டையில் என் கணவர் தில்லிக் கட்சி, நான் விடுதிக் கட்சி. காது கேளாதவர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசுவோம் என்று நினைத்துத்தான் எங்களில் ஒருவரைக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் 'தன்னம்பிக்கை உரை' ஆற்றச் சொல்கிறீர்கள்.

புகார் நகரில் இந்திர விழாவுக்கு முரசறைந்தவன் சொன்ன அறிவிப்பு மணிமேகலையில் இருக்கிறது: "ஒட்டிய சமயத்து உறுபொருள் வாதிகள் பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்." தத்தம் சமயத்துக்காக வாதிடுகிறவர்களை அவன் மேடைக்கு அழைக்கிறான். யாருடைய வாதமோ அவர்களே ஏறுகிறார்கள். (முரசறைந்து அழைத்ததும் நல்லதுதான். அதிர்வு எனக்கும் தெரிந்திருக்கும்.)

உங்கள் பேச்சாளர்கள் மணிமேகலையைவிட அதிகம் எடுத்தாள்வது 'செல்வத்துட் செல்வம் செவிச்செல்வம்' என்ற குறளை. அந்த 42-ஆம் அதிகாரத்தோடு பள்ளி நாளிலிருந்தே எனக்கு வழக்கு உண்டு. பத்துக் குறளையும் மனப்பாடம் செய்து, எழுதி, மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். "கற்றிலன் ஆயினும் கேட்க" என்கிறார். கேட்க வழியில்லாதவள் கற்றுத்தானே ஆக வேண்டும்? கற்றேன். அதே அதிகாரத்தில் 418-ஆம் குறள் என் கட்சிக்குச் சாட்சி சொல்கிறது. கேள்வியறிவால் துளைக்கப்படாத செவி, ஓசையைக் கேட்டாலும் கேளாத செவிதான் என்கிறார் வள்ளுவர். அப்படிப்பட்ட செவிகள் உங்கள் முதல் வரிசையில் எத்தனை உட்கார்ந்திருக்கின்றன என்பதை மேடையிலிருந்து நீங்களே பார்த்திருப்பீர்கள்.

காது மந்தமான தாத்தாவின் துணுக்குகளையும் நீங்கள் கைவிட வேண்டாம். தடை கேட்கும் வழக்கம் எனக்கு இல்லை. நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போது, எனக்குப் புரியும் மொழியிலும் அதைச் சொல்லுங்கள். பதிலுக்கு, காது கேட்பவர்களைப் பற்றி எங்களிடம் இருக்கும் துணுக்குகளை நான் சொல்கிறேன். நிறைய இருக்கின்றன.

ஒரு சங்கதியைச் சொல்லாமல் விட முடியாது. என் மகளுக்குக் காது கேட்கும். ஒரு திருவிழா மாலையில் இலக்கியச் சொற்பொழிவு ஒன்றைப் பார்க்க விரும்பி, மொழிபெயர்ப்பாளர் உண்டா என்று எழுதிக் கேட்டேன். "பாப்பாதான் கூட இருக்கிறாளே, அவளே அம்மாவுக்குச் சொல்லிவிடுவாள்" என்று தொண்டர் ஒருவர் எழுதிக் காட்டினார். பாப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது. அன்றைய சொற்பொழிவு சங்கப் பாடல்களில் பரத்தையிற் பிரிவு, அதாவது தலைவன் மனைவியை விட்டுப் பரத்தையை நாடிப் போவது. அவளை அழைத்துக்கொண்டு சித்திரக்கதைக் கடைக்குப் போய்விட்டேன். பிள்ளைகள் பிள்ளைகளாகவே திருவிழாவுக்கு வரட்டும். வங்கியிலும் மருத்துவமனையிலும் அவர்களைப் பெரியவர்களாக்கியது போதும். அன்று கடை கடையாகத் தேடியும், அம்மாவுக்குக் காது கேட்காத ஒரு சிறுமி கதாநாயகியாக வரும் தமிழ்ப் புத்தகம் எதுவும் எங்கள் கையில் கிடைக்கவில்லை. பதிப்பாளர்களும் இதைப் படித்தால் நல்லது.

இனி கோரிக்கை. அடுத்த திருவிழாவில் ஒரு மாலையை இந்தத் தலைப்புக்குத் தாருங்கள்: 'காது கேளாத பிள்ளையின் வாழ்வுக்குப் பெரிதும் துணை நிற்பது பேச்சுப் பயிற்சியா, சைகை மொழியா?' இரண்டு அணியிலும் காது கேளாதவர்கள் இருக்க வேண்டும். பேச்சு அணியில் காக்ளியர் கருவியோடு வளர்ந்த இளைஞர் ஒருவரையும், பயிற்சி ஆசிரியர் ஒருவரையும், என் அம்மாவையும் அமர்த்துங்கள். கூப்பிட்டால் வருவாள், குறிப்புகள்கூடத் தயாராக வைத்திருக்கிறாள். எதிரணியில் நான் உட்கார்கிறேன். எங்களுக்காக யாரும் இரக்கப்பட்டு வாதிட வேண்டாம். நடுவர் "இரண்டுமே வேண்டும்" என்று தீர்ப்புச் சொன்னால் இந்த ஒரு தலைப்புக்கு நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். எந்த வயதில், யார் செலவில், எந்தப் பள்ளியில் என்றும் அவர் சொல்ல வேண்டும்.

ஏற்பாடுகள் பெரிய செலவு பிடிப்பவை இல்லை. மொழிபெயர்ப்பாளர்கள் இருவர் வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கையைவிட மூளை முதலில் களைத்துவிடும். அவர்களுக்குப் பேச்சாளருக்குத் தருவது போலவே ஊதியம் தாருங்கள், சால்வை மட்டும் போதாது. நாங்கள் சைகையில் வாதிடும்போது அதைக் குரலில் சொல்வதும் அவர்கள் வேலைதான். அவையோர் எங்களைப் பார்க்கட்டும். மேற்கோள் பாடல்களை முந்தின நாளே கொடுத்துவிடுங்கள். மொழிபெயர்ப்பாளர் பேசுகிறவரின் பக்கத்தில், நல்ல வெளிச்சத்தில் நிற்க வேண்டும். அரங்க விளக்குகளை முழுதாக அணைக்காதீர்கள். இருட்டில் எங்களால் பேச முடியாது. முன்வரிசையில் ஒரு பகுதியை ஒதுக்குங்கள். நேரம் முடிந்ததைச் சொல்ல நடுவரின் மணி எங்களுக்குப் பயன்படாது. மேசையில் சிவப்பு விளக்கு ஒன்றை வையுங்கள். அந்த விளக்கை மதிக்க அம்மாவைப் பழக்குவது என் பொறுப்பு.

தேதி முடிவானதும் எழுதித் தெரிவியுங்கள். தொலைபேசியில் அழைத்தால் என் மகள்தான் எடுப்பாள். அவளுக்கு அடுத்த மாதம் தேர்வு.

இப்படிக்கு,
விடுதிக் கட்சியைச் சேர்ந்த வாசகி